முதுகுக்குக் கவசம் போடாத ரோபோ

அடக்கப் பூசையில் பேசியவர்கள் அம்மாவைப் பொறுமைசாலி என்றார்கள். அது தவறான தகவல். அவர் இல்லாத வீட்டில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இதையாவது திருத்தி எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் ஆரோக்கியம்மாள். எண்பதுகளின் நடுவில் அதியமான்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். எந்த வண்டிக்கு எந்தச் சரக்கு என்று பேசி ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு. ஆண்கள் மட்டுமே கத்திக்கொண்டிருந்த இடத்தில் அவரும் கத்தினார்.

கப்பலில் ஃபிட்டராக இருந்த அல்போன்ஸ் சித்தப்பா, 1986ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம். கட்டம் போட்ட பலகை, பகடை, தகரப் பொம்மைகள். அவரவர் ரோபோவை அவரவரே வடிவமைக்க வேண்டும். மொத்த எடை இத்தனை டன் என்று விதி சொல்லிவிடும். எலும்புக்கூடு, இன்ஜின், பீரங்கி போக மிஞ்சும் எடையில்தான் கவசம். ஒரு டன் கவசத்துக்குப் பதினைந்து புள்ளி. அதைத் தலை, மார்பு, முதுகு, கை, கால் என்று பங்கிட வேண்டும். அடி விழ விழ அந்த இடத்துப் புள்ளி குறையும். தீர்ந்தபின் விழும் அடியில் அந்த உறுப்பே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், முகம்மது கவுஸின் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆட்டம். கவுஸ், சித்தப்பாவின் பள்ளித் தோழர். அம்மா கூடவே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, இது கணக்கு ஆட்டங்க," என்றார் சித்தப்பா.

"ஆபீஸ்ல நான் என்ன, ஜெபமாலையா உருட்டறேன்?"

அம்மாவின் ஐம்பது டன் ரோபோ எவ்வளவு அடித்தும் விழவில்லை. சித்தப்பாவினுடையது விழுந்தது. அவர் அம்மாவின் கணக்கை வாங்கிப் பார்த்தார். எலும்புக்கூடும் இன்ஜினும் அதில் கழிக்கப்படவே இல்லை. ஐம்பது டன்னும் பீரங்கியாகவும் கவசமாகவும் ஏறியிருந்தது.

காரணம் எளியது. எங்கள் சாலையில் பத்து டன் வண்டி என்றால் பத்து டன் சுமக்கும் வண்டி. வண்டியின் சொந்த எடையை யாரும் சொல்வதில்லை. ஐம்பது டன் ரோபோவையும் அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"ஓவர்லோடுங்க அக்கா. செக்போஸ்ட்டுல புடிச்சிருப்பான்," என்று கவுஸ் சிரித்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "கள்ளக் கணக்குங்க அண்ணி. இனிமே நாங்க ரெண்டு பேரே ஆடிக்கறோம். நீங்க வூட்டுக்குப் போங்க."

"கள்ளக் கணக்கு வேற, தப்புக் கணக்கு வேற. தப்பைத் திருத்திக்கறேன். இன்னொரு ஆட்டம் போடுங்க. தோத்தா நானே எந்திரிச்சிப் போறேன், இந்தப் பக்கமே வரல. செயிச்சா இந்த நாற்காலி என்னுது."

எலும்புக்கூட்டையும் இன்ஜினையும் கழித்தபின் மிஞ்சியது கொஞ்சம். தொலைவு எட்டும் பெரிய பீரங்கியை விட அம்மாவுக்கு மனமில்லை. கவசத்துக்கு நான்கு டன்தான், அறுபது புள்ளி. உடல் முழுக்கப் பரப்பினால் எங்குமே நிற்காது. அம்மா முதுகுக்குச் சுழியம் போட்டு, அந்தப் பங்கை மார்புக்கும் கால்களுக்கும் கொடுத்தார்.

"முதுகுல ஒண்ணுமே இல்லீங்களே அக்கா."

"திரும்பி ஓடறவனுக்குத்தான், பாய், அங்க கவசம் வேணும்."

சுற்றிவந்து முதுகில் சுடுவதுதான் சித்தப்பாவின் திட்டம் என்பது முதல் நகர்விலேயே தெரிந்தது. அம்மா தன் ரோபோவைப் பலகையின் மூலைக்குக் கொண்டுபோய், முகம் பலகையின் நடுவைப் பார்க்க நிறுத்தினார். அதற்குப் பின்னால் கட்டமே கிடையாது. அங்கிருந்து பீரங்கியால் அடித்தார். சித்தப்பாவின் குண்டுகள் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"மூலையில நின்னுக்கிட்டா எப்படிங்க அண்ணி? வெளிய வாங்க."

"நான் எங்கயும் போகல. நீங்க வாங்க."

சித்தப்பா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூலையில் நிற்கக் கூடாது என்று அதில் இல்லை. வேறு வழியில்லாமல் நேராக வந்தார். வரும் வழியிலேயே அவருடைய ரோபோ ஒரு காலை இழந்து, நொண்டிக்கொண்டே வந்தது. நெருங்கி அடித்ததில் அம்மாவின் ரோபோவுக்கு ஒரு கை போனது, மார்பில் மூன்று புள்ளிதான் மிச்சம். அடுத்த அடி அம்மாவுடையது. சித்தப்பாவின் ரோபோ சாய்ந்தது.

கவுஸ் கைதட்டினார். சித்தப்பா அடுத்த ஆட்டத்துக்குப் பொம்மைகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

அவர் கப்பலுக்குத் திரும்பும்வரை எல்லா ஞாயிறும் அம்மா அங்கே ஆடினார். பாதிக்கு மேல் தோற்றார். தோற்ற நாளிலும் அவரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.