மருத்துவம் கேட்டவளுக்கு வனவியல்

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த சன்னாசியின் மூத்த மகள் நவமணி. அந்தத் தொழிலாளர் லயங்களிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம்வரை போன முதல் பெண். எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியலிலும் வேதியியலிலும் ஏ எடுத்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமிகூட அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

1984இல் மருத்துவப் படிப்புக்கான நேர்முகத்துக்குக் கோலாலம்பூர் போனாள். இதயத்தைப் பற்றிக் கேட்பார்கள், இரத்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று இரவெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தாள். அவர்களோ, அப்பாவுக்கு என்ன வேலை, சொந்தத்தில் டாக்டர் யாராவது உண்டா, படிப்பின் நடுவில் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்டார்கள். பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. மருத்துவத்துக்கு இடமில்லை, வருந்துகிறோம் என்றது. காரணம் எழுதவில்லை. அவள் கேட்காத வனவியல் படிப்பில் இடம் தந்திருந்தார்கள்.

"வனவியல்னா என்னாம்மா?" என்றார் சன்னாசி.

"மரத்தப் பத்துன படிப்புப்பா. நீங்க விடியறதுக்குள்ள மரத்துக்கிட்ட போறீங்க. நானும் அங்கயே போகணுமாம்."

நாராயணசாமி சமாதானம் சொல்ல வந்தார். "கெடச்சத எடுத்துக்க லா. நம்ம ஆளுங்களுக்கு இதே பெருசு."

"பெருசா சின்னதான்னு நான் கேக்கல ஐயா. எதுல கொறஞ்சேன்னு கேக்குறேன். எங்க கிளாஸ்ல என்னவிடக் கம்மியா மார்க் எடுத்தவனுக்கு மெடிசின் கெடச்சிருக்கு. அவங்கப்பா டாக்டரு!"

கிராணி காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுவாரம் சன்னாசி வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினார். கோலாலம்பூரில் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் அதிகாரி உட்காரச் சொல்லவில்லை, நவமணி உட்கார்ந்தாள்.

"என்னை ஏன் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்றாள், சுத்தமான மலாயில்.

"காரணம் எழுதும் வழக்கம் இல்லை. மேல்முறையீடு போடு."

"எதை எதிர்த்துப் போடுவது? காரணமே சொல்லாவிட்டால்?"

அதிகாரி ஃபைலை மூடினார். சன்னாசி பதறிப்போய் மகளின் தோளைத் தொட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். "பெரிய எடத்துல அப்படிப் பேசலாமா தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த சன்னாசி, புக்கிட் ரோத்தானில் இறங்கியதும் வேறு மாதிரிப் பேசினார். "அவன் ஒன் மொகத்தப் பாத்துக்கூடப் பேசலயே. எழுது தாயி. இன்னைக்கே எழுது."

மேல்முறையீட்டுக்குப் பதிலே வரவில்லை. வனவியலை அவள் ஏற்கவில்லை. மறுவருடமும் மருத்துவம் கேட்டாள். அப்போது நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. கடைசியில் அறிவியல் பட்டப் படிப்பில் சேர்ந்து, 1989இல் கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் உயிரியல் ஆசிரியையானாள்.

தோட்டத்துக் கோயிலில் அவளுக்கு மாலை போட்டார்கள். நாராயணசாமி மைக்கைப் பிடித்தார். "டாக்டர் படிப்பு கிடைக்காமல் போனதும் நன்மைக்கே. இல்லையென்றால் இப்படியொரு நல்ல டீச்சர் நமக்குக் கிடைத்திருப்பாரா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நவமணி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர் வேலை எனக்குப் புடிச்சிருக்குங்க. ஆனா எனக்கு நடந்தது நன்மையில்ல, அநியாயம். அத நல்லதுன்னு சொல்லாதீங்க. நாளைக்கு உங்க புள்ளைங்களுக்கும் அதையே செய்வாங்க."

கூட்டம் சங்கடத்தோடு நெளிந்தது. பின்வரிசையிலிருந்து சன்னாசி எழுந்து நின்றார்.

"எம்மவ சரியாத்தான் சொல்றா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.