நோர்பரியில் ஓர் அடிக்கட்டை

நோர்பரியில் ஒரு தேவாலயத்தின் பின்னால், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்த கரடுமுரடான நிலம். பறவைகளுக்கு இரையாகட்டும் என்று சூரியகாந்தி விதைக்க அதைத் திருத்துகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த நானும் கடப்பாரை பிடிக்கிறேன். உளுத்த கட்டை ஒன்றை நெம்பியதும் அடியில் விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த, மன்னாரிலிருந்து இங்கு வந்து குடியேறிய ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடிக்கிறார்.

"விடுங்கோ தம்பி. இது கொம்பு வண்டின்ரை புழு. வண்டாகி வெளியிலை வர அஞ்சாறு வருசம் செல்லும்."

"அவ்வளவு காலமா, அக்கா?"

"எனக்கு இஞ்சை விசா கிடைக்க ஒன்பது வருசம் எடுத்தது."

சிரிக்காமல்தான் சொல்கிறார். கட்டையைப் பழையபடி இருத்தி, இருவரும் கையாலேயே மண் அணைக்கிறோம். விதைக்கும் வரிசை அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிறது.