இரண்டு பக்கெட் சோறும் நாலு அறை வயிறும்

சோறு போட்டே ஒரு மாட்டைக் கொன்றுவிடலாம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குப் போன திங்கட்கிழமை வரை தெரியாது. இத்தனைக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் விசேஷம் என்றால், வருகிற கூட்டத்தைவிட வேகிற அரிசி அதிகம். அண்டாவில் பாதி மிச்சம். வீணாக்கலாமா? தெரு நாய்க்கு ஒரு தட்டு, கோழிகளுக்கு இரண்டு பிடி... பக்கத்து வீட்டு மாட்டுக்கு மட்டும் தாராளமாக இரண்டு பக்கெட். புண்ணியமாச்சே!

மறுநாள் காலை மாடு எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் வயிறு உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அதை வளர்க்கும் முனிசாமி – மைன்ஸ் மூடும் வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர் – அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருப்பது அந்த ஒரே மாடு. அந்தப் பாலில்தான் குடும்பம் ஓடுகிறது.

கால்நடை டாக்டரம்மா வந்தார். வயிற்றைத் தட்டி, சாணத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரு சோறு போட்டது?”

நான் முன்னால் போய் நின்றேன். “நான்தான்மா... கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“ரெண்டு பக்கெட்.”

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... கொலைகாரனைக்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

மாட்டின் வாய்க்குள் குழாயை விட்டபடியே விளக்கினார். நாய்க்கு நம்மைப் போல ஒரே வயிறு. கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய பொடிக்கற்களை வைத்து உள்ளே ஒரு பையில் அரைத்துக்கொள்ளும். மாட்டுக்கோ நாலு அறை. முதல் அறை, புல்லை ஊறவைத்துப் புளிக்கவைக்கிற பெரிய தொட்டி. அதில் பழக்கமில்லாமல் சோற்றைக் கொட்டினால் மொத்தமும் அமிலமாகிவிடும். அது ரத்தத்தில் ஏறினால் மாடு பிழைக்காது.

அதே அண்டா, அதே சோறு. தின்ற நாய் எதிரே வாலாட்டிக்கொண்டு நிற்கிறது!

முனிசாமி தலையாட்டினார். “புரியுதும்மா. நம்ம மைன்ஸ் மாதிரி நாலு லெவலு. முத லெவல்லயே காஸ் நின்னுக்கிச்சின்னா, கீழ இருக்கறவன் இன்னா பண்ணுவான்?”

என்னை அவர் திட்டவே இல்லை. “வுடுங்க சார், தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சோடா உப்புக் கரைசல், ஊசி, பாட்டில் பாட்டிலாக மருந்து... செவ்வாய் மாலைதான் மாடு எழுந்து நின்று அசைபோட்டது. முனிசாமி அழுதுவிட்டார். நானும்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். காதுகுத்தன்று, சர்க்கரை வியாதிக்கார மச்சானின் இலையில் “ஒரே ஒரு கரண்டி” என்று பாயசம் ஊற்றியவனும் நான்தான். போடுகிற கைக்கு எப்போதும் தன் சந்தோஷம்தான் முக்கியம். எதிரில் இருப்பவரின் வயிற்றை யார் கேட்கிறோம்?

இப்போது தினமும் மேய்ச்சலுக்குப் போகும் வழியில் அந்த மாடு என் கேட்டருகே நின்று பக்கெட்டைத் தேடுகிறது. அதற்கு என்மேல் இன்னும் நம்பிக்கை போகவில்லை... அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.