சொல்லாமல் கேட்ட மன்னிப்பு

பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில்தான் நான் ஏமாந்தேன். நற்கருணை வாங்கப் போவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லச் சொல்வார் ஃபாதர். முன்னால், பின்னால் என்று திரும்பிக் கை கூப்பித் தலையசைப்போம். யார், எவர் என்று பார்க்கிற வழக்கமில்லை. தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, முன்பெஞ்சிலிருந்து திரும்பிய ஓர் ஆளுக்கும் அப்படித்தான் கூப்பினேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ஐயோ மாதாவே! என் தம்பியின் கண்ணைக் கெடுத்த சூப்பர்வைசர்.

முதுநகரில் எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். ஆண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்க, இவன் எதற்கு இந்தப் பக்கம் வந்தான்? அதுவும் சரியாக எனக்கு முன்னால்? வேண்டுமென்றே வந்தான் என்று அன்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் தம்பி ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தான். ஆசிட் போகிற பைப்பைத் திறப்பதென்றால், உள்ளே கழுவியாகிவிட்டது என்று சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பர்மிட் என்பார்கள். அன்றைக்கு ஏதோ அவசரம். "கழுவியாச்சு, தொறடா. பர்மிட்ட அப்பறம் தரேன்" என்றான் இவன். தம்பி திறந்தான். உள்ளே ஆசிட் அப்படியே இருந்தது. தம்பிக்கு இரண்டு கண்ணும் போயின. ஏணிக்குக் கீழே நின்றிருந்த இன்னொரு தொழிலாளி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

தம்பி முகமெல்லாம் கட்டோடு கிடந்தபோதே இவன் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டான்: நான் திறக்கச் சொல்லவில்லை, அவனாகத் திறந்தான் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்று கண்ணாலேயே பார்த்தேன். பர்மிட்டும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. கூட வேலை செய்தவனைக் கொன்றவன் என்ற பெயர் தம்பி தலையில் விழுந்தது. கண் போனதைவிட அந்தப் பெயர்தான் அவனைத் தின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பாதித் தூக்கத்தில் எழுந்து "நானா தொறக்கலக்கா" என்பான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் அவன் மேலிருந்து போக வேண்டும்.

சமாதானம் சொன்ன அதே வாரம் எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் சொல்வோம். அங்கேயும் வந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் எழுந்து சாட்சி சொன்னான்.

"நெஞ்சுல ஒரு கல்லு இருந்துது. போன தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துல எறக்கி வெச்சிட்டேன். ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. இப்பல்லாம் நல்லா தூங்குறேன்."

என்ன கல் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. அப்படியென்றால், ஓர் உண்மையைக் கொண்டுபோய் ஒளித்து வைக்க இந்த ஊரில் அதைவிடப் பத்திரமான இடம் எது? அதற்காகவேதான் போனான் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளே ஃபாதரிடம் போய்விட்டேன். "பாவத்த மன்னிக்கிறீங்களே ஃபாதர், போயி உண்மையச் சொல்லுடான்னு சொல்ல மாட்டீங்களா?"

"யாரு என்ன சொன்னாங்கன்னு நான் பேசவே கூடாதும்மா. பொதுவா சொல்றேன். அடுத்தவன் பேரக் கெடுத்தவன் அதைத் திருப்பிக் குடுக்கணும். அதுதான் பரிகாரம்."

"குடுக்கலன்னா?"

"ஆண்டவர் பொறுமையானவரும்மா."

"அவருக்கென்ன ஃபாதர், அவரு இருப்பாரு. நாங்கதான் செத்துப்போயிடுவோம்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தம்பியிடமிருந்து போன். கண் போன பிறகு அவன் சிதம்பரத்தில் மாமியார் வீட்டோடு இருக்கிறான். அவன் மனைவி அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள்.

"அக்கா, நீ சூப்பர்வைசருக்குச் சமாதானம் சொல்லிட்டியாமே? நேத்து வீட்டுக்கு வந்தாரு. அக்காவே மன்னிச்சிட்டாங்கன்னாரு. நானும் மன்னிச்சிட்டேன்."

பார்த்தீர்களா, முன்பெஞ்சில் எதற்கு வந்து உட்கார்ந்தான் என்று? கூப்பிய கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போனேன்.

"அறிவிருக்காடா ஒனக்கு? இன்னா சொல்லிக் கேட்டான்?"

"அழுதாருக்கா."

"அழுததை நீ பாத்தியா?"

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. பாவி, யாரிடம் எதைக் கேட்கிறேன்! தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. "பாக்கறதவிட கேக்கறதுலதான் ஜாஸ்தி தெரியுதுக்கா. நெசமாத்தான் அழுதாரு. பக்கத்துச் சிலுவையில தொங்குன கள்ளனையே ஆண்டவரு மன்னிச்சாரு, நான் யாரு?"

"மன்னிச்சாரு. சிலுவையிலேருந்து எறக்கி உட்டாரா? அவன் தொங்கித்தான் செத்தான். அதுவும் நாலு பேரு காதுல விழுற மாதிரி, நாங்க செஞ்சதுக்குத்தான் அனுபவிக்கிறோம்னு ஒத்துக்கிட்ட பொறவு. இவன் யார் காதுல விழுற மாதிரி சொன்னான்?"

தம்பி என் கையைத் தேடிப் பிடித்தான். "அதத்தான் நானும் சொல்லியிருக்கேன். நான் மன்னிச்சாச்சு, ஆனா செத்தவரு வீட்டுல வந்து உண்மையச் சொல்லுங்கன்னு. ஞாயித்துக்கெழம வரேன்னுருக்காரு. நீயும் வா."

"வர மாட்டான். எழுதி வெச்சிக்கோ."

வந்தான். இறந்தவர் வீட்டுக்குப் போக வடலூர் பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. அதைப் பார்த்ததும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது. சட்டைப் பையில் போன் இருந்தது. அந்த அம்மா மன்னித்தேன் என்று சொல்வதை ரெக்கார்டு பண்ணிக்கொண்டு போகத்தான் வருகிறானோ என்று, வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இறந்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விவசாயக் குடும்பம். கோயில், ஃபாதர், தவக்காலம் எதுவும் அவளுக்குத் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்ததும் முகம் இறுகிப்போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் மண்ணில் முழங்கால் போட்டான்.

"என்ன மன்னிச்சிடும்மா."

"எதுக்கு?" என்றாள்.

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா இன்னாது?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவன் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அத்தனையும் நாடகம் என்று தம்பிக்குக் காட்ட வேண்டும். தம்பி மேலிருந்து அந்தப் பெயர் போக வேண்டும் என்று வந்தவள், அதைவிட என் பேச்சு ஜெயிக்க வேண்டும் என்று நின்றேன்.

அவன் சொல்லிவிட்டான். "நாந்தாம்மா தொறக்கச் சொன்னேன். பைப்பக் கழுவல. கழுவியாச்சுன்னு பொய் சொன்னேன். இந்தத் தம்பி மேல எழுதிக் குடுத்ததும் பொய்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. "இத இதுக்கு முன்னாடி யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"கோயில்ல சொன்னேம்மா. ஆண்டவர் கிட்ட."

"எப்ப?"

"போன வருஷம்."

"அப்ப ஒரு வருஷமா ஒங்க ஆண்டவருக்குத் தெரியும். மன்னிச்சும் உட்டுட்டாரு. செத்தது எம் புருஷன். எனக்குத்தான் தெரியல."

அந்த நேரத்திலும் நான் என் வேலையைப் பார்த்தேன். கைப்பையில் வைத்திருந்த நோட்டை நீட்டி, சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முழங்காலிட்டபடியே எழுதினான். இரண்டு தடவை படித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்தேன். நாளைக்கே கம்பெனி ஆபீசில் போய்க் கொடுக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு எப்ப தெரியும்க்கா?"

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கே தம்பி சொன்னான்."

"மூணு வருஷமாவா?"

"சாவுக்கு வந்தப்ப ஒங்க ஆளுங்க என்னப் புடிச்சித் தள்ளுனாங்க. சொன்னாலும் நம்ப மாட்டீங்கன்னு..."

"நம்புறதும் நம்பாததும் எம் பாடு. தெனைக்கும் வெளக்கேத்தி இந்தப் புள்ளைக்குச் சாபம் உட்டுக்கிட்டு இருந்தேனே! ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்ல?"

வக்கீலிடம் சொன்னேன், யூனியனில் சொன்னேன், ஃபாதரிடம் சண்டை போட்டேன். இவளிடம் மட்டும் வரவில்லை. தள்ளிவிட்ட வீட்டுக்கு இன்னொரு தரம் போவதா என்ற ரோஷம்தான். மன்னிப்பு என்றால் இன்னதற்கென்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்தாள். "படி இருக்கு, பாத்து வா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எங்களைக் கூப்பிடவில்லை. வாசல் வெயிலில் இரண்டு பேர் நின்றோம், அவனும் நானும்.