தேவகனியும் மருமகனின் வைத்திய நிதியும்

சாத்தான்குளத்துத் தேவகனிக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. பிடிவாதக்காரி என்ற பெயரும் உண்டு. சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்து, கருப்பட்டி விற்று, ஒரே மகள் கிளாடிஸைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள் பிடிவாதக்காரியாக இல்லாமல் வேறெப்படி இருப்பாள்?

மருமகன் வேதமணிக்குத் தூத்துக்குடியில் பஞ்சுக் கம்பெனியில் வேலை. எங்களுக்கு அடுத்த வீடு. உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் கிளாடிஸ் முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம் மகளை அழைத்துப்போகத் தேவகனி வந்து இறங்கினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அதற்கென்றே ஊரில் ஆடு வளர்த்தாள், பழஞ்சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

ஆனால் கிளாடிஸுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. வலிப்பு வரக்கூடும், கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியில் வைத்திய நிதி என்று ஒன்று உண்டு. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். அதில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் எங்கள் வளவு வீடுகளில் ஆளுக்கொரு கதை. இருமல் மருந்து மட்டும்தான் என்பார்கள் சிலர். பெண்டாட்டி எந்த ஊரில் இருந்தாலும் பெண்டாட்டிதானே, டாக்டர் அங்கேயே போய்ப் பார்ப்பார் என்று வேதமணி நம்பிக்கொண்டிருந்தான். கடைசியில் நிதி குமாஸ்தா சுந்தரராஜை வீட்டுக்கே கூட்டிவந்து கேட்டார்கள்.

"டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரிக் கட்டில், மருந்து எல்லாம் உண்டு. ஆனா சம்சாரம் உறுப்பினர் வீட்லயே இருக்கணும். தாய்வீட்டுக்குப் போய்ட்டா ஒண்ணும் கிடையாது," என்றார் அவர்.

தேவகனிக்கு முகம் சிவந்துவிட்டது. "தாய்வீட்டுக்குப் போனா அவ பெண்டாட்டி இல்லன்னு ஆயிருமா அண்ணாச்சி? நல்லாத்தான் எழுதி வச்சிருக்கீங்க சட்டம்."

"நான் எழுதலைம்மா."

"அங்கன மருத்துவச்சி இருக்கா. இவள நான் பெறலையா?" என்று மகளின் பெட்டியைத் தூக்கினாள்.

வாசலில் நின்ற வேதமணி மெதுவாகச் சொன்னான். "எங்க அம்மாவும் தாய்வீட்டுக்குத்தான் போனா அத்தை. என்னப் பெத்தா. எம் முகத்தப் பாக்கல."

தேவகனி பெட்டியைக் கீழே வைத்தாள். ஊரில் மடித்து வைத்த சேலைகளை நினைத்தாளோ என்னவோ, எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப நான் இங்கன இருக்கேன் மருமவனே. ஆனா பேரப்பிள்ளை பிறக்கிற வரைக்கும் மக வீட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டேன்."

வேதத்தில் இது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று கேட்டேன். முறைத்தாள். அந்த ரேஷன் காலத்தில் ஊரிலிருந்து அரிசி வரவழைத்து, கொல்லையில் கல் கூட்டித் தனியே பொங்கித் தின்றாள்.

வலி கண்ட அன்று வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்ததால் தாய் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. ஊருக்குப் போயிருந்தால் என்ற பேச்சை யார் எடுத்தாலும் தேவகனி எழுந்து போய்விடுவாள்.

ஞானஸ்நானம் முடிந்து அவள் ஊருக்கு மூட்டை கட்டிய காலையில், குழந்தையை நிதியில் சேர்க்கச் சுந்தரராஜ் வந்தார். "வீட்ல வேற யாரும் உண்டா வேதமணி? பெத்தவங்க கூட இருந்தா அவங்களுக்கும் உண்டு."

"எங்க அம்மா உண்டு."

அது யார் புதிதாக என்று தேவகனி வாசலை எட்டிப்பார்த்தாள். சுந்தரராஜ் அவளையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, "அம்மா பேரு?" என்றார்.

"தேவகனி," என்றான் வேதமணி.

மூட்டையை அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு அவளே அவிழ்த்தாள்.