ட்ரம்மில் விழுந்த கறள்

கிளிநொச்சியில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கூடமொன்றில் ஒன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். பெரிய மெஷின் என் பொறுப்பு. என் சொத்து என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் வெள்ளை விரிப்புகளில் துருப்பிடித்த மாதிரிக் கறள் புள்ளிகள் விழத் தொடங்கின. எட்டிப் பார்த்தால், ட்ரம்மில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். கறளே பிடிக்காது என்று சொல்லி விற்ற மெஷின். தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் வேலைக்கு வந்தாள். முல்லைத்தீவுக்காரி, கட்டாரில் ஹோட்டல் சலவையில் நின்றவள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்பாள். இரண்டாம் நாளே முதலாளிக்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"பிளீச்சைத் தண்ணியிலை கலந்து ஊத்துங்கோ. கடைசி அலசலுக்குக் குளோரினை முறிக்கிற உப்புக் கொஞ்சம் போடுங்கோ. வேலை முடிய மெஷின் கதவைத் திறந்து விடுங்கோ. மூடி வைச்சா உள்ளுக்கை நிக்கிற ஆவி ட்ரம்மைத் தின்னும்."

கதவை மூடி வைத்தவள் நான். கோடையில் இங்கே புழுதி சோற்றுக் கோப்பை வரைக்கும் வரும். எதையும் திறந்து விட எனக்கு மனம் வராது. என் கவனம்தான் மெஷினைக் கெடுத்தது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாளே!

ட்ரம்மை மினுக்கி அவள் சொன்னபடி செய்ததும் புள்ளிகள் நின்றன. அதன் பிறகு முதலாளி எதற்கும் அவளைத்தான் கேட்டார். மேற்பார்வைக்கு ஆள் போடப் போவதாகவும் கதை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாலும் எரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் ட்ரம்மை அலசி, கதவைத் திறந்து விட்டு, பஸ் பிடிக்க ஓடினாள். நான் ஒரு கோப்பை பிளீச்சை அப்படியே உள்ளே ஊற்றிக் கதவை மூடினேன். ஞாயிறு முழுவதும் மூடியே கிடந்தது.

திங்கட்கிழமை முதல் சலவை முழுக்கக் கறள். முதலாளி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பழையபடி மூடிப்போட்டியளோ?"

நான் வாய் திறக்க முதல் அவள் முந்திக்கொண்டாள். "இல்லை ஐயா, சனிக்கிழமை கடைசியா நிண்டது நான். நான்தான் மறந்துபோய் மூடிப்போட்டன்."

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டாள். "கைப்பழக்கம் அக்கா, உடனை போகாது. யோசிக்காதேங்கோ."

"ஓம்" என்றேன்.

மேற்பார்வை வேலை எனக்குக் கிடைத்தது. முதல் வாழ்த்து அவளுடையது. மனம் நிறையச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.