மாமியாருக்கு ஒரு தனிக் கதவு

செம்வாங்காவுக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்கத் தன் சொந்த வீட்டில் இருமிக்கொண்டேதான் நடமாடினார். கொல்லைக் கதவைத் திறக்குமுன் ஓர் இருமல். தண்ணீர்த் தொட்டி மூலையில் திரும்பும்போது இன்னொன்று, கொஞ்சம் பலமாக. அங்கே தனியாகக் கட்டியிருந்த அறையில் மாமியார் தங்கியிருந்தார். இருமல் காதில் விழுந்ததும் உள்ளே போய்விடுவார். போக முடியாவிட்டால் தோள்துணியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர்கள் இன வழக்கப்படி மருமகனும் மாமியாரும் முகத்தோடு முகம் பார்ப்பதில்லை, ஒரே அறையில் உட்காருவதில்லை, ஒருவர் எழுந்த இடத்தில் மற்றவர் அமர்வதில்லை. மீறினால் கை நடுக்கம் வரும். அந்த நடுக்கத்துக்கே ஒபுகோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பாலாவில் செம்வாங்காவோடு லிஃப்ட் பழுது பார்க்கிற போசா இதை வைத்து அவரை விடாமல் ஓட்டினான்.

"என்னப்பா, சொந்த வீட்டுலயே கோழி திருட வந்தவன் மாதிரி நடக்கறியாமே? இந்தக் காலத்துலயும் அதையெல்லாம் நம்பறியா?"

"மெயின்ல கரண்ட் இல்லைன்னு தெரிஞ்சாலும் அதைப் பூட்டிட்டுத்தானே குழிக்குள்ள இறங்கறோம்? நம்பறியான்னு யாராவது கேக்கறாங்களா?" என்றார் செம்வாங்கா.

போசா மெயினைப் பூட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

பாதியில் நிற்பது என்றாலே செம்வாங்காவுக்கு ஆகாது. தொழில் அப்படி. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டிகளிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே விட்டே அவருக்கு நாற்பத்தாறு வயதாகியிருந்தது. வீட்டுக்கு வந்தால் டிவியும் அதையே செய்தது. படம் சூடு பிடிக்கிற நேரத்தில் நெட் தீர்ந்துபோகும், திரையில் வட்டம் சுற்றும், பிறகு மின்சாரமும் போகும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, சாமான் அறையில் பீன்ஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பேட்டரி கொடுத்து, அதைத் தன் வீட்டுக்கென்றே ஒரு சர்வர் ஆக்கினார். கடைத்தெருவில் படம் ஏற்றித் தரும் கடையிலிருந்து வாரம் ஒருமுறை டிஸ்க்கில் படங்கள் வரும். அவர் அதில் ஏற்றிவைப்பார். கூடத்து டிவி, படுக்கையறை டிவி எதைத் திறந்தாலும் எல்லாம் வரிசையாக நிற்கும். நெட் வேண்டாம், சுற்றுகிற வட்டமும் இல்லை.

பெரும்பாலும் அவர்கள் பேசும் லுகாண்டா மொழியில் குரல் கொடுத்த படங்கள்தான். மூலப்படத்தின் மேலேயே ஒரு ஆள் பேசுவான். வசனத்தைச் சொல்வான், சொல்லாததையும் சொல்வான், வில்லன் எந்தச் சந்தையில் காய் விற்றவன் போலிருக்கிறான் என்பதுவரை சேர்த்துச் சொல்வான். இப்படிப்பட்ட படங்களுக்குச் சர்வரால் தானாகப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. செம்வாங்கா ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பெயர் அடித்துப் படம் ஒட்டினார். மனைவி நோவெலின் பள்ளிக்கூட ஆசிரியை. ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் அவளை அவர் விட்டதில்லை. "நீ தொட்டா கலைஞ்சிடும்" என்பார். மகள் மிரெம்பே விடுதிக்குப் போனபோது, "அம்மா, அப்பாவோட சின்ன வீட்டைப் பத்திரமா பார்த்துக்கோ" என்று சாமான் அறையைக் காட்டிவிட்டுப் போனாள்.

மாமியார் ரெஸ்டிட்யூட்டா கலங்காலாத் தீவில் மீன் வியாபாரம் செய்கிறவர். விதவை. படகுத்துறையில் அவர் விலை பேசினால் அடுத்த படகுக்காரனுக்கும் கேட்கும். மீன்முள் குத்திய காலில் சர்க்கரையும் சேர்ந்து புண் புரையோடிவிட்டது. கம்பாலாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட வேண்டும், விட்டால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வீட்டில் போய்த் தங்குவதா என்று முதலில் மறுத்தார். பின்னறைக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் உண்டு என்று நோவெலின் சத்தியம் செய்த பிறகே படகேறினார்.

காலை நீட்டி உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் பொழுது போகுமா? செம்வாங்கா ஒரு டிவி வாங்கி, கேபிள் இழுத்து, மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் பின்னறையில் மாட்டினார். எல்லா டிவியையும் போல அதையும் தன் பெயரில்தான் சர்வரோடு சேர்த்தார். குடும்பத்துக்கு ஒரு பெயர் போதும் என்பது அவர் கணக்கு. கூடத்தில் பாதி பார்த்துவிட்டுப் படுக்கையறையில் மீதியைத் தொடரலாம், இடம் தவறாது. அந்த வசதிதான் அவருக்கு இருந்ததிலேயே பெரிய பெருமை.

ஒரு துருக்கித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் ஒருவரும் அவர் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் மூன்று தம்பிகளும். குரல் கொடுத்தவன் கப்பல்காரருக்கு ஹாஜி என்று பெயர் வைத்திருந்தான். வீட்டில் மூவரும் அதைத்தான் பார்த்தார்கள். கூடத்திலும் பின்னறையிலும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்ட மாலைகளில் செம்வாங்காவுக்கு மனம் நிறைந்துபோகும். முறையும் கெடவில்லை, குடும்பமும் ஒன்றாக இருக்கிறது.

பிறகு ஒரு மாலை நோவெலின் பின்னறையிலிருந்து உடைந்த கோப்பையோடு வந்தாள்.

"மிரெம்பே அப்பா, அம்மா பையைக் கட்டறாங்க. நாளைக்குப் படகாம்."

"என்னாச்சு? மத்தோக்கே வாழைக்காய் வேகலையா?"

"உங்க மூஞ்சி."

"என் மூஞ்சியா?"

"டிவியைப் போட்டதும் முதல்ல உங்க போட்டோதானே வருது! கல்யாணத்துல எடுத்தது, பல்லைக் காட்டிக்கிட்டு. இத்தனை நாளா அம்மா ஒரு துண்டைத் திரைமேல போட்டுட்டு, சத்தம் வந்ததும் எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. இன்னிக்கு டீயை எடுக்கறப்ப கை நடுங்குச்சாம்."

செம்வாங்கா தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே சாமான் அறைக்குள் போய்த் தன் போட்டோவை எடுத்துவிட்டு, மாமியாருக்குப் பிடிக்குமே என்று ஒரு திலாப்பியா மீன் படத்தைப் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்துக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நோவெலின் பின்னறைக்குப் போய்விட்டு அதே முகத்தோடு திரும்பி வந்தாள்.

"மீனுக்குப் பின்னாலயும் அவர்தானே உட்கார்ந்திருக்கார்னு கேக்கறாங்க."

"புரியலையே."

"எனக்கும் முதல்ல புரியல. தொடரைத் திறந்தா, விட்ட இடத்துலேர்ந்து தொடங்கவான்னு கேக்குதாம். 'நான் அங்க விடலையே, யார் விட்டது? அவர் விட்டது. அவர் எந்திரிச்ச எடத்துல நான் போய் உட்கார்றேன், சூடு ஆறாத நாற்காலியில. அப்புறம் நான் எந்திரிக்க, அவர் வந்து உட்கார்றார். ஒரே தட்டுல மாத்தி மாத்திச் சாப்பிடற மாதிரி இல்லையா?' அப்படிங்கறாங்க."

சிரித்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. ஆனால் சிரிப்பு வரவில்லை. மாமியார் சொன்னதில் பிழை எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. தன் பெருமைக்குரிய வசதி பின்னறையில் போய் இப்படி ஒரு வேலை செய்துகொண்டிருக்கும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

"கட்டுப் போடறதை நிறுத்தினா கால் போயிடும்னு சொன்னியா?"

"சொன்னேன். கால் போனா ஒரு கால்தான் போகும், ஒபுகோ வந்தா ரெண்டு கையும் போகும்ங்கறாங்க. வலையில மீனை எடுக்கக் கைதான் வேணுமாம்."

இந்த மாதிரிச் சிக்கலில் முடிவு சொல்கிற உரிமை அத்தைக்குத்தான். நோவெலின் தன் அப்பாவின் தங்கைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டார். பின்னணியில் அவர் பட்டாணி உரிக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

"அந்தப் பெட்டிக்குக் கதவு எத்தனை?" என்றார்.

"கதவா அத்தை?"

"வீட்டுக்குத் தனி வாசல் இருக்குன்னுதானே உங்கம்மா வந்தா? பெட்டிக்கு ஒத்தை வாசலை வச்சு ரெண்டு பேரையும் அதுல நுழைய விட்டா? உன் புருஷன் படிச்சவன்தானே? இன்னொரு கதவு வைக்கச் சொல்லு. போனை வை, அடுப்புல வேலை இருக்கு."

செம்வாங்கா மாமியாருக்குத் தனிப் பெயர் ஒன்று போட்டார், தனிக் கடவுச்சொல்லோடு. இனி அவர் விட்ட இடம் அவருடையது, இவர் விட்ட இடம் இவருடையது. ஆனால் சொன்னால் நம்புகிறவரா ரெஸ்டிட்யூட்டா? சோதித்துக் காட்டு என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். கூடத்தில் செம்வாங்கா தொடரை ஓரிடத்தில் நிறுத்த, நோவெலின் முற்றத்தைக் கடந்து ஓடிப் பின்னறையில் திறந்து பார்க்க, அங்கே வேறிடம். திரும்பி ஓடிவந்து கூடத்தில் பார்க்க, இங்கே அசையவில்லை. "பந்து பொறுக்கற பிள்ளை மாதிரி ஓட விட்டுட்டீங்களே ரெண்டு பேரும்" என்று மூச்சு வாங்கினாள். பாதி கட்டின பை இன்னும் பின்னறையில் திறந்தே கிடந்தது.

செம்வாங்கா தண்ணீர்த் தொட்டிவரை போய் இருமினார். வழக்கமாக அதற்கு உள்ளே போகிற காலடிச் சத்தம்தான் பதிலாக வரும். அன்றைக்கு, வந்த நாளிலிருந்து முதல்தடவையாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சுவர் இருந்தால் பேசலாம், தடையில்லை. ஆனால் மாமியார் அதுவரை பேசியதில்லை.

"ஸெபோ," என்றார் மாமியார், ஐயா என்கிற மரியாதையில். "கதவு வச்சுட்டீங்க. நன்றி. அந்தக் கதவுல சாவி ஓட்டை இருக்கா?"

செம்வாங்காவுக்குக் கேள்வி உடனே புரிந்தது. சர்வரை நடத்துகிறவனுக்கென்று ஒரு பக்கம் உண்டு. யார் இப்போது எதைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று எல்லாம் அதில் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையைப் பிரித்துவிடுவார். அந்தக் கிழவிக்கு, கிழவி என்றுகூட மனதில் நினைக்கக்கூடாது, யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? பக்கத்தில் நின்ற நோவெலினும், இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினாள்.

"இருக்கு, நியாபோ," என்றார், அம்மா என்கிற அதே மரியாதையில். "பெட்டிக்கு எஜமான் யாரோ, அவர் பார்க்கலாம்."

"எஜமான் யாரு?"

"நான்தான்."

உள்ளே பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. நோவெலின் அவர் கையில் கிள்ளினாள்.

"கேட்டதுக்கு மேல எதுக்கு வாயைத் திறந்தீங்க? அங்க கால் அழுகிக்கிட்டு இருக்கு!"

"சுவருக்குப் பின்னால இருக்கற ஆள்கிட்டயே பொய் சொன்னா, அப்புறம் சுவர் எதுக்கு?" என்றார் அவர்.

பிறகு உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து, துணி துவைக்கிற கல்மேல் வைத்து, நோவெலின் பக்கம் திருப்பினார்.

"இதுல புதுக் கடவுச்சொல் போடு. எஜமான் பேர்ல. என்கிட்ட சொல்லாதே."

"நிஜமாவா? நான் தொட்டா கலைஞ்சிடும்னீங்களே."

"கலைஞ்சா கலையட்டும். சீக்கிரம் போடு, மனசு மாறறதுக்குள்ள."

அவர் முதுகைக் காட்டி நின்றார். விசைகள் தட்டுகிற சத்தம் நின்றதும், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நியாபோ, இப்ப நானும் உங்களை மாதிரி ஒரு கதவுல நுழையற ஆளுதான். சாவி உங்க பொண்ணுகிட்ட."

அப்புறம் ஜிப் சத்தம் மறுபடி கேட்டது. மூடின பையை யாரும் இரண்டாம் தடவை மூட மாட்டார்கள் என்று தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அதன்பின் சாமான் அறை நோவெலின் வசமானது. மல்யுத்தப் படங்கள் இடத்தை அடைக்கின்றன என்று பாதியை அழித்தாள். தான் பெயர் அடித்து அடுக்கிய படங்களில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர் கேட்டு நிற்க வேண்டும். "பார்க்கலாம், பரீட்சைத் தாள் திருத்தணும்" என்பாள். போசாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தார், ஆனால் சொல்லிவிட்டார். அவன் லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து சிரித்தான். பின்னறையில் கை நடுக்கம் பற்றிய பேச்சே எழவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டால் நடுங்காது என்று கட்டுப் போடும் நர்ஸ் சொன்னாள். ரெஸ்டிட்யூட்டா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தொடரில் அவர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். ஹாஜி செத்துப்போனதைச் செம்வாங்கா தெரிந்துகொண்டதே முற்றத்தைத் தாண்டி வந்த மாமியாரின் ஒப்பாரியிலிருந்துதான்.

புண் மூடிய பிறகு, படகுக்குப் போகிற நாளில் செம்வாங்கா சாமான் அறைக்குள் பீன்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். முற்றத்தில் காலடிச் சத்தம் போயிற்று. வந்த நாளில் ஒரு செருப்பும் ஒரு துணிக்கட்டும் கேட்டன. இன்றைக்கு இரண்டும் செருப்பு. வெளிவாசலருகே சத்தம் நின்றது. அங்கிருந்து ஓர் இருமல் வந்தது, படகுத்துறைக்கே கேட்கிற மாதிரி.

செம்வாங்கா உள்ளிருந்து பதிலுக்கு இருமினார்.

அம்மாவை வண்டியேற்றிவிட்டு வந்த நோவெலினிடம், "தொடர்ல எங்க நிறுத்திட்டுப் போனாங்க?" என்று கேட்டார். "மீதியை டிஸ்க்குல ஏத்தி அனுப்பணும்ல."

"நான் ஏத்தி அனுப்பிக்கறேன்," என்றாள் நோவெலின். "எங்க நிறுத்தினாங்கன்னு உங்களுக்கு எதுக்கு?"